உங்க சாமி இன்னா சாப்பிடும்?

இந்து மதம் என்பது ஒரே மதமா, பல மதங்களின் கூட்டமா என்று டி.வி.யில் நான்கு பேர் மேஜையைத் தட்டிக் கத்தும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அந்த வழக்கைக் காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு மனிதர் எப்போதோ தீர்த்து வைத்துவிட்டார். இந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஒரே ஆள் உலகத்தில் அவர்தான் என்று எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். அவர் பெயர் பாய்லர்.

நிஜப் பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. எங்கள் அட்டைப்பெட்டி கம்பெனியில் நீராவிக்கு ஒரு பாய்லர் உண்டு. அதற்குத் தீனி போட்டுக் கவனித்துக்கொண்டதால் அவரும் பாய்லர் ஆனார். நான் அங்கே பர்சனல் ஆபீசர். ஆள் எடுப்பது, லீவு கொடுப்பது, கேண்டீனில் சாம்பார் தண்ணீராக இருந்தால் திட்டு வாங்குவது, எல்லாம் என் வேலை.

அவர் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே வம்பு. விண்ணப்பத்தில் ‘மதம்’ என்ற இடத்தில் ‘கங்கையம்மன்’ என்று எழுதியிருந்தார். நான் அதை அடித்துவிட்டு ‘இந்து’ என்று எழுதினேன்.

"அது யாரு சார்?" என்றார்.

"யாரு?"

"நீ எழுதினியே, இந்து. எங்க ஊர்ல அப்பிடி ஒரு கோயிலே கெடையாதே."

"அது சாமி இல்லய்யா, மதம். நீ, நான், சிவன் கோயில் ஐயர் எல்லாரும் அதுலதான் வரோம்."

"ஐயருக்கு இந்த விஷயம் தெரியுமா சார்?" என்று அக்கறையாகக் கேட்டார். எனக்குக் கோபம் வந்து கையெழுத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

போனவர் சும்மா இருக்கவில்லை. கம்பெனியில் ஒருவர் விடாமல் கேட்க ஆரம்பித்தார். பெயர், ஊர், குழந்தை குட்டி எதுவும் அவருக்கு வேண்டாம். "உங்க கொலதெய்வம் இன்னா சாப்பிடும்?" இதுதான் அவருடைய ‘வணக்கம்’. சாமி சாப்பிடுவதை வைத்துத்தான் மதம் என்பது அவர் கட்சி. ஒரே சாப்பாடு என்றால் ஒரே மதம். சேவலும் சுருட்டும் ஒரு மதம், வெறும் சேவல் இன்னொரு மதம். பச்சரிசி, வெல்லம், தேங்காய் தனி மதம். ஆறு மாதம் கழித்து என் மேஜைக்கு வந்து முடிவை அறிவித்தார்.

"நம்ம கம்பெனில மொத்தம் இருபத்தஞ்சு மதம் சார். அதுல இருபத்திமூணை நீ இந்துன்னே எழுதி வெச்சுக்கினு கீற."

சிரித்தேன். ஆனால் அதனால் நல்ல காரியங்களும் நடந்தன. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநருக்கும் அக்கவுண்டண்டுக்கும் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு பேர் வீட்டுச் சாமியும் சேவல், முட்டை, சாராயம் என்று தெரிந்ததும் பாய்லர் அவர்களைக் கேண்டீனில் நேருக்கு நேர் நிறுத்தி, "ஒரே மதத்துக்காரனுங்கோ, இன்னாத்துக்குடா சண்டை?" என்றார். அக்கவுண்டண்ட் வெட்கப்பட்டுக்கொண்டே கை கொடுத்தார்.

கழிவு அட்டை எடுக்கப் பழவேற்காட்டிலிருந்து ஒரு பாய் வருவார். அவரையும் விடவில்லை. "எங்க அல்லாவுக்குச் சாப்பாடே வேணாம் பாய்லரு. சாப்புடறது நாங்க மட்டும்தான்" என்றார் பாய். பாய்லர் வாயைப் பிளந்தார். "செலவும் இல்ல, பேஜாரும் இல்ல. பெரிய சாமிதான் பாய்!"

ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைப்பதில் அவருக்கு ஒரு வருத்தம் உண்டு. "உள்ள குங்குமத்த கரைச்சு ஊத்தறது எதுக்கு சார்? ரத்தம் மாதிரி தெரியணும்னுதானே? சாமியையே ஏமாத்தறீங்களே."

என்னையும் கேட்டார். "சர்க்கரைப் பொங்கல்" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

"பாவம் சார்" என்று என் சாமிக்காக உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்.

பச்சைப் பொய். எங்கள் குலதெய்வம் கருங்கிடா கேட்கும், ஒரு குவார்ட்டர் கேட்கும், மேலே ஒரு சுருட்டும் கேட்கும். ஆனால் எங்கள் மேனேஜர் சுத்த சைவம். மதியம் அவரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவது பெரிய கௌரவம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த மேஜைக்காக வீட்டு மீன்குழம்பை விட்டுவிட்டுத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனேன். போகிற போக்கில் குலதெய்வத்தையும் சைவமாக்கிவிட்டேன்.

அந்த வருஷம் ஆடியில் ஊத்துக்கோட்டைப் பக்கம் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் கோயிலுக்குப் போயிருந்தோம். சட்டையில்லாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கிடாவின் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறேன். எதிரே பாய்லர்! லீவு நாளில் ஊர் ஊராகப் போய் மற்றவர்களின் குலதெய்வங்களைப் பார்த்துவிட்டு வருவது அவருக்குப் பொழுதுபோக்கு என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. கிடாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"நல்ல கிடா சார்" என்றார். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை கம்பெனி முழுக்கத் தெரிந்திருக்கும் என்று பயந்துகொண்டே போனேன். ஒருவருக்கும் தெரியவில்லை. மறுநாளும் தெரியவில்லை. அடுத்த வாரமும் இல்லை. மனிதர் வாயே திறக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் எனக்கு அவர்மேல் நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். அவரைப் பார்க்கும்போதெல்லாம் என் பொய் எதிரே நடந்து வருவதுபோல் இருந்தது.

பிறகு ஆயுத பூஜை வந்தது. அதுவரை அந்தந்த மெஷினுக்கு அந்தந்த ஆட்களே அவரவர் சாமி படத்தை வைத்துப் பூஜை போடுவார்கள். அந்த வருஷம் வெளியூர் கஸ்டமர்கள் வருகிறார்கள் என்று மேனேஜர் ஒரே மேடை, ஒரே பூஜை என்று சொல்லிவிட்டார். ‘நாம் அனைவரும் ஒன்று’ என்று ஃபிளெக்ஸ் வைத்தோம். சொற்பொழிவு நான். பெயர்கள் பல, வடிவங்கள் பல, மதம் ஒன்றே என்று மைக்கில் வெளுத்து வாங்கினேன். கைதட்டல் வந்தது. கூடவே கருவாட்டுக் குழம்பு வாசனையும் வந்தது.

கஸ்டமர் ஒருவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் மைக்கை வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடினேன். மேனேஜரும் அவர் பின்னால் ஒரு கும்பலும் வந்தார்கள். பாய்லர் அடுப்புக்கு முன்னால் வாழை இலை. அதில் ஒரு சட்டி கூழ், கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, அவித்த முட்டை. வேட்டி துவைத்துக் கட்டி, நெற்றி நிறைய மஞ்சளோடு பாய்லர் கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தார்.

"யோவ், அறிவு இருக்கா உனக்கு? இன்னிக்குப் போய் கருவாடு வெச்சிருக்கியே!" என்று கத்தினேன்.

"வருஷா வருஷம் வெக்கறதுதானே சார். நெருப்பு பக்கத்துலயே நிக்கறா. ஆத்தாவுக்குப் பசிக்கும்ல?"

"இதெல்லாம் ஒரு படையலா? எடுத்துட்டுக் கேட்டுக்கு வெளிய போ."

"அல்லாம் ஒண்ணுன்னு இப்பத்தானே சார் மைக்ல சொன்ன?"

கும்பலில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். சொல்லக் கூடாததைச் சொன்னேன்.

"எங்க வீட்லல்லாம் இந்த மாதிரி கருமம் கிடையாதுய்யா. இதெல்லாம் ஒரு சாமியா?"

பாய்லர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு வரி போதும். ‘ஏரிக்கரைல கிடாவோட நின்னது யாரு சார்?’ என்று கேட்டிருந்தால் மேஜை, கௌரவம், சொற்பொழிவு எல்லாம் அங்கேயே போயிருக்கும். அவர் குனிந்து சட்டியை எடுத்தார்.

"வா ஆத்தா, போலாம்" என்று சட்டியிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

கேட்டுக்கு வெளியே, காம்பவுண்டு சுவர் ஓரமாக, லாரிகள் போகிற புழுதியில் மறுபடி இலை போட்டுப் படைத்தார். ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு அக்கவுண்டண்ட். பிறகு வாட்ச்மேன். என் கையில் முந்திரி போட்ட சர்க்கரைப் பொங்கல். அதை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டேன்.

தை பிறந்ததும் பாய்லர் வேலையை விட்டுவிட்டார். மகள் வீட்டுக்குப் பக்கமாகக் கும்மிடிப்பூண்டியில் வேலை கிடைத்திருக்கிறது என்று எல்லாரிடமும் சொன்னார். அதுதான் காரணம் என்று நம்ப நான் ரொம்ப முயற்சி செய்தேன்.

போன மாதம் ஒரு வேலையாகக் கும்மிடிப்பூண்டி போனபோது, தொழிற்பேட்டை டீக்கடையில் அவரைப் பார்த்தேன். தலை பஞ்சாக நரைத்திருந்தது. நான் ஒளிந்துகொள்ளலாமா என்று யோசிப்பதற்குள் அவரே கூப்பிட்டார். "சார்! நாஷ்டா ஆச்சா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "அன்னிக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லலை?"

"எப்பிடி சார் சொல்றது? சொன்னா அல்லாரும் சிரிப்பானுங்கோ. உன்ன பாத்து சிரிச்சா சிரிச்சிட்டு போறானுங்கோ. உங்க சாமிய பாத்து சிரிச்சா? அது இன்னா சார் தப்பு பண்ணிச்சு, பாவம்?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கடைக்காரரிடம் எனக்கு வடை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே எழுதுகிறேன். எங்கள் குலதெய்வம் வாழ்முனி. கருங்கிடா சாப்பிடும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகிறவர்கள் யாராவது அந்த மனிதரைப் பார்த்தால், உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவருக்குச் சந்தோஷமாக இருக்கும். அவர் ஒரு தடவை சிரித்தால் எனக்குப் போதும்.