பத்தொன்பது இஞ்ச் சக்கரமும் ஐந்தாவது கேனும்

அன்பு மகளுக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மா நலம். கார் நலம் என்று டயர் கடைக்காரர் சொல்கிறார். நான் நலமா என்று இதுவரை யாரும் கேட்காததால் அதைப் பற்றி எழுதவில்லை. உன் நலமும் உன் வேலையின் நலமும் அறிய ஆவல்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் முதல் வாக்கியத்திலேயே "அப்பா!" என்று கத்துவாய், இரண்டாவது வாக்கியத்தில் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், விஷயம் அந்தரத்தில் நிற்கும். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. நேற்று ராத்திரி நீ கூப்பிட்டு, "அவங்க வந்துட்டுப் போனாங்களாப்பா, எல்லாம் நல்லபடியா நடந்துச்சா?" என்று கேட்டபோது, "ஜம்முனு நடந்துச்சு பாப்பா" என்று சொன்னேன் அல்லவா? அது பொய். உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சக்கரங்களில் ஒரு கீறல்கூட இல்லை. உன் கல்யாணத்தைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை.

நீ கட்டிக்கொள்ள ஆசைப்படும் அந்தப் பையன் உன் பிறந்தநாளுக்கு அனுப்பிய நான்கு சக்கரப் பெட்டிகளும் பத்திரமாக வந்து சேர்ந்தன. நீ என்ன உத்தரவு போட்டாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "அவங்க அப்பா அம்மா முதல் தடவையா நம்ம வீட்டுக்கு வர்றாங்க. ஸ்டேஷன்லேர்ந்து என் கார்லதான் கூட்டிட்டு வரணும். அவன் குடுத்த வீலை மாட்டித்தான் கூட்டிட்டு வரணும். ஒரு கீறல் விழக்கூடாதுப்பா." நானும் சரி சரி என்று பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினேன். எனக்கு அந்தக் காரை ஸ்டார்ட் செய்தாலே நெஞ்சு படபடக்கும். அது உறுமுகிற உறுமலில் எதிர்வீட்டு ஜன்னல் தானாகச் சாத்திக்கொள்ளும். ஆக்ஸிலேட்டரைப் பார்த்தாலே பாயும், தொட வேண்டியதே இல்லை. இதற்குப் பதினேழு இஞ்ச் சக்கரமே அதிகம், இதில் பத்தொன்பது எதற்கு என்று கேட்க வாய் வந்தது. பையன் ஆசையாகக் கொடுத்தது, நமக்கு எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டேன்.

டயர் கடையில் மாட்டி முடிக்க அரை நாள் ஆனது. கறுப்புச் சக்கரம், மெல்லிய கம்பிகள், அதைச் சுற்றி டயர் என்ற பெயரில் வளையல் தடிமனுக்கு ஒரு ரப்பர். பார்க்க அமர்க்களமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். கடைக்காரர் காரை ஒரு சுற்று சுற்றி வந்து, "யார் செலக்‌ஷன் சார், சூப்பர்" என்றார். மாப்பிள்ளை செலக்‌ஷன் என்று நாக்கு நுனிவரை வந்தது, இன்னும் எதுவும் முடிவாகவில்லையே என்று விழுங்கிவிட்டேன். பிறகு அவர் காரின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"சார், ஒரு சின்ன விஷயம். பின்னாடி கொஞ்சம் உரசும்."

"எப்போ உரசும்?"

"பின் சீட்ல கனம் ஏறினா. வீல் பெருசு, அகலமும் ஜாஸ்தி. மேட்டுல ஏறி இறங்கும்போது மட்கார்டு விளிம்பு டயர்ல படும். பட்டா பிளேடு மாதிரி கீறிடும்."

"அப்புறம் என்னங்க பண்றது?"

"பழகிடும் சார்."

யாருக்குப் பழகும், டயருக்கா எனக்கா என்று கேட்டேன். சிரிக்கிறார் மனுஷன். விளிம்பை உள்பக்கமாக மடக்கிவிட ஒரு கருவி இருக்கிறதாம், அது வேறு கடைக்கு இரவல் போயிருக்கிறதாம், அடுத்த வாரம்தான் வருமாம். அவர்களோ மறுநாள் காலையில் வருகிறார்கள். பழைய சக்கரத்தையே மாட்டிவிடலாமா என்று ஒரு நிமிடம் சபலம் தட்டியது. பையன் கொடுத்த சக்கரம் எங்கே என்று அவன் அம்மா கேட்டால் என்ன பதில் சொல்வது? அப்படியே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எவ்வளவு கனம் ஏறினால் உரசும் என்று தெரிந்துகொண்டாலாவது நிம்மதி என்று, வீட்டில் இருந்த தண்ணீர் கேன்களைப் பின் சீட்டில் ஒவ்வொன்றாக ஏற்றி, தெருமுனை வேகத்தடையில் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். மூன்று கேன், சத்தம் இல்லை. நான்கு கேன், சத்தம் இல்லை. ஐந்தாவது கேன் ஏறியதும் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது பார், என் பல் கூசிவிட்டது. உன் அம்மா வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "வர்றவங்களுக்குப் படுக்கை விரிக்கணும், வீடு கூட்டணும், இங்க ஒரு மனுஷன் தண்ணி கேனுக்கு ஊர் சுத்திக் காட்டிட்டு இருக்கார்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். சொல்லட்டும். எனக்கு ஒரு கணக்கு கிடைத்துவிட்டது. நான்கு கேன்வரை கல்யாணம் நடக்கும், ஐந்தில் டயர் கிழியும்.

ஸ்டேஷனில் அவர்கள் இறங்கினார்கள். பையனின் அம்மாவைப் பார்த்தேன், இரண்டரை கேன். மனதுக்குள் அப்பாடா என்றேன். அவருக்குப் பின்னால் பெட்டியோடு பையனின் அப்பா இறங்கினார். பாப்பா, நல்ல மனிதர், சிரித்த முகம், கும்பிட்ட கை. ஆனால் தனியாளாக ஐந்தரை கேன். ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கக் கூடாதா நீ? முன் சீட்டில் உட்காரவைத்துவிட்டால் தப்பித்தேன் என்று ஓடிப்போய் முன்கதவைத் திறந்தேன். "இல்லைங்க சார், முன்னாடி உக்காந்தா எனக்குத் தலை சுத்தும்" என்று சொல்லிப் பின்னால் ஏறி மனைவி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எட்டு கேன்! கார் பெருமூச்சு விட்டதை என் காதால் கேட்டேன்.

உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பாய். எப்படிச் சொல்வது? அவரை ஏற்றினால் சக்கரம் தாங்காது என்றால், அவர் உடம்பைக் குத்திக்காட்டியதாக ஆகும். சக்கரத்தின் மேல் தப்பு என்றால், அவர் மகன் கொடுத்த பரிசு நொள்ளை என்று ஆகும். முதல் சந்திப்பில் அப்பாவைக் குறை சொல்வதா, மகனைக் குறை சொல்வதா? இரண்டும் ஆகாது என்று கடவுள் மேல் பாரத்தைப் போட்டு, இருபதுக்கு மேல் போகாமல் உருட்டினேன். பந்தயக் கார் மாதிரி உறுமிக்கொண்டு இருபதில் போனோம். ஒரு சைக்கிள்காரர் முந்திப் போய், திரும்பிப் பார்த்து, மறுபடி மெதுவாக வந்து, யார் ஓட்டுகிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முதல் வேகத்தடை வந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, "சார், கொஞ்சம் இறங்கி அப்படியே காத்து வாங்கிட்டு வர்றீங்களா?" என்றேன்.

"இங்கயா?" என்றார்.

ஒரு பக்கம் சாக்கடை, இன்னொரு பக்கம் பழைய இரும்புக் கடை. "ஆமா சார், இந்த இடத்துல காத்து நல்லா இருக்கும்" என்றேன். மறுபேச்சு இல்லாமல் இறங்கினார். நான் வேகத்தடையைத் தாண்டி நிறுத்தினேன், அவர் நடந்து வந்து ஏறிக்கொண்டார். இரண்டாவது வேகத்தடையில், "அந்தக் கட்டடத்தைப் பாருங்க சார், பக்கத்துல போய்ப் பாத்தாதான் அதோட அழகு தெரியும்" என்றேன். அது மின்வாரிய அலுவலகம். அதையும் அண்ணாந்து பார்த்தபடி நடந்து வந்து ஏறினார். பின்னால் அந்த அம்மா எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. மூன்றாவது வேகத்தடை கண்ணில் பட்டதும் சொல்ல என்னிடம் ஒரு காரணமும் மிச்சம் இல்லை. என் வாய் திறந்தது திறந்தபடி நிற்கிறது, அதற்குள் அவரே கதவைத் திறந்து இறங்கி, பேசாமல் நடக்க ஆரம்பித்துவிட்டார். அவர் முதுகைப் பார்த்தபடி வண்டியை ஏற்றி இறக்கினேனே, அந்த நிமிடம் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெண்ணைக் கொடுக்கப்போகிற வீட்டு மனிதரை வெயிலில் நடக்கவிட்டு, டயரை நிழலில் கொண்டுபோகிற தகப்பன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வீட்டில் எல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது. சாப்பிட்டார்கள், உன் போட்டோவையெல்லாம் பார்த்தார்கள், அந்த அம்மா உன் அறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பையனின் அப்பா மட்டும் அதிகம் பேசவில்லை. கிளம்புகிற நேரத்தில் நான் சாவியை எடுத்தேன். "வேண்டாங்க சார், நாங்க டாக்ஸியிலயே போய்க்கிறோம்" என்றார். தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. டாக்ஸி நம் தெருமுனை வேகத்தடையில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனது, அவர் உள்ளேயே இருந்தார். உன் அம்மா கதவைச் சாத்திவிட்டு, "என்ன பண்ணீங்க?" என்றாள். சொன்னேன். அதற்கப்புறம் அவள் என்னிடம் பேசவில்லை, பேசவேண்டியதைப் பாத்திரத்திடம் பேசிக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே, கண்ணே, மனதைத் திடப்படுத்திக்கொள். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் அது உன் குற்றம் இல்லை, அந்தப் பையன் குற்றமும் இல்லை, முழுக்க முழுக்க உன் அப்பன் குற்றம். உனக்குப் பிடித்த பையன் என்று நீ சொன்ன அன்று உன் முகம் இருந்த இருப்பு எனக்குத் தெரியும். அதை நான் கெடுத்துவிட்டேனே என்றுதான் இரண்டு வேளையாகச் சோறு இறங்கவில்லை. வேண்டுமானால் அவர் வீட்டுக்கே போய்க் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன், பஸ்ஸில் போகிறேன், காரில் போகவில்லை. நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், நான்கு சக்கரத்தையும் வந்தது வந்தபடி வைத்திருக்கிறேன். துணி போட்டு மூடியிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே. எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று மனமார வாழ்த்தும்,

உன் அப்பா

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால், காரை வெயிலில் இருந்து நிழலுக்கு மாற்றிவிடலாம் என்று எடுத்துப் பின்னால் நகர்த்திக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பையனின் அப்பாதான். எடுத்ததும், "சம்பந்தி!" என்றார். பாப்பா, என்னை இதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தேன். அவரே பேசினார். "எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு சம்பந்தி, டயர் உரசுதுன்னு. எங்க வீட்டுக் காருக்கும் இவன் இதே மாதிரி வீலைத்தான் மாட்டி வெச்சிருக்கான். நானும் மேட்டுக்கு மேடு இறங்கி நடந்துட்டுதான் இருக்கேன். இவன் மூஞ்சிக்கு நேரா 'இறங்குப்பா'ங்கிறான். நீங்க காத்து வாங்குங்க, கட்டடம் பாருங்கன்னு எவ்வளவு பதவிசா இறக்கிவிட்டீங்க! அப்படி ஒரு மரியாதை என் சொந்த வீட்ல எனக்குக் கெடைச்சதில்ல. உங்களை மறுபடி சங்கடப்படுத்த வேண்டாம்னுதான் டாக்ஸியில போனோம். வீட்டுக்காரி அடுத்த மாசமே தேதி வெச்சுக்கலாங்கிறா."

நான் சந்தோஷத்தில் இரண்டு கையையும் கூப்பிவிட்டேன். கார் நகர்ந்துகொண்டிருந்தது. பின் இடது சக்கரம் நடைபாதைக் கல்லோடு ஒரு முழ நீளத்துக்கு உரசிக்கொண்டே போய் நின்றது. ஆகையால் மேலே எழுதியதை மாற்றிப் படித்துக்கொள், கல்யாணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, சக்கரத்துக்குத்தான் ஆகிவிட்டது. மாப்பிள்ளையிடம் நீயே பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடு.