ஏழாம் எண் வீட்டின் புது முகம்

"வரிசையில உன் வீடு ஒண்ணுதான் மெர்வின், பொக்கை வாயோட நிக்குது," என்றாள் பக்கத்து வீட்டு ஷர்லி பெட்டிஃபர்.

மெல்போர்னில், விக்டோரியா ராணி காலத்தில் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய ஆறு வீடுகள் அவை; ஒன்று முதல் பதினொன்று வரை ஒற்றைப்படை எண்கள். சாலையை அகலமாக்க இடித்துத் தள்ளப் போகிறார்கள். நகராட்சியின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் ஏறினால் பிழைக்கும். ஏறாவிட்டால் ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர் மெர்வின் டன்ஸ்டன், பிறந்த ஏழாம் எண் வீட்டை விட்டுத் தங்கை வீட்டுப் பின்னறைக்குப் போகவேண்டும். அந்தத் தங்கையைத் தெருவே அறியும். எதிரிக்குக்கூட அந்த அறை வேண்டாம்.

"மத்த அஞ்சு வீட்லயும் வராந்தாவுல இரும்புப் பூவேலை தொங்குது. உன்கிட்ட வெறும் பலகை. பட்டியல் போடுற அதிகாரி வந்து பாத்தா என்ன நினைப்பாங்க?"

"எங்கப்பா காலத்துலருந்தே பலகைதான், ஷர்லி."

"உன்னால நாங்களும் தெருவுல நிக்கணுமா?"

அதற்கு மேல் மெர்வினுக்குத் தாங்கவில்லை. பலகையைப் பெயர்த்து விறகாக்கினார். பழைய சாமான் கடையில் பூவேலை வாங்கி மாட்டினார்.

ஷர்லி தேநீர்க் கோப்பையோடு வந்து பார்த்தாள். "கந்தல் கோட்டுக்குத் தங்கப் பொத்தான் வச்ச மாதிரி இருக்கு. அந்தக் கரி பிடிச்ச செங்கல்ல ஏதாவது பூசேன்."

பூசினார். வெண்ணெய் நிறம், இரண்டு பூச்சு. இப்போது வாசற்கதவு கண்ணை உறுத்தியது. வண்ணக் கண்ணாடி பதித்த கதவு வந்தது. நிலைக்குள் நுழைய மறுத்தது. நிலையை அறுத்தார்கள். நிலையோடு ஜன்னலும் கையோடு வந்துவிட்டது.

"சும்மா கிடந்த சங்கை நீதான் ஊதவெச்ச," என்றார் மெர்வின், தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு.

"தரையை மறந்துட்டியே," என்றாள் ஷர்லி.

வராந்தாவின் கருங்கல் பாளங்களும் போய், பூப்போட்ட ஓடுகள் வந்தன. அதிகாரி வரவேண்டிய வெள்ளிக்கிழமை காலை, எது யார் வீடு என்று தபால்காரரே ஒரு கணம் தடுமாறினார். பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஷர்லி மெர்வினைப் பாராட்டினாள்.

பத்து மணிக்கு நகராட்சியின் பாரம்பரிய அதிகாரி இமோஜன் வந்தாள். சின்னப் பெண், கையில் கனத்த கோப்பு. வரிசையின் கோடிவரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். மெர்வின் தன்னிடம் இருந்த ஒரே டையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"எப்படிம்மா? ஆறும் ஒரே மாதிரி இருக்கா?"

"அப்படியே இருக்கு சார், அதான் குழப்பமா இருக்கு," என்றாள் அவள், கோப்பைப் புரட்டியபடி. "அஞ்சு வீட்டை 1980கள்ல அலுமினியப் பூ வச்சுக் கெடுத்துட்டாங்க, கட்டினபடியே கைபடாம ஒரு வீடு மிச்சம் இருக்கு, அதுக்காகவே வரிசையைக் காப்பாத்தணும்னு பழைய கணக்கெடுப்புல எழுதியிருக்காங்க, ஏழாம் நம்பர்னு தப்பா அடிச்சிருக்காங்க போல, அந்த வீடு எதுன்னு கொஞ்சம் காட்டுறீங்களா?"