நாலு இருபதுக்குக் கத்தும் கார்

"அலாரம் செத்துக் கிடந்துச்சு சார். உயிர் குடுத்திருக்கேன்."

"நான் பிரேக் பாக்கத்தானேப்பா விட்டேன்?"

"பிரேக்கும் பாத்தாச்சு. அலாரம் நம்ம அன்பளிப்பு. இனிமே ரிமோட்டை அமுக்காம யாராவது கதவைத் தொறந்தா, தெருவே எந்திரிச்சு வந்துடும்."

மெக்கானிக்குடன் நடந்த இந்தப் பேச்சைக் கண்ணாடிக் கடைக்காரர் பத்து நாளாகத் தினமும் நினைத்துக்கொண்டார். நினைக்க வைத்தது கைபேசி. இன்றும், ஒரு வாடிக்கையாளரின் மூக்கில் ஃபிரேமைப் பொருத்திக் கடைசி வரியைப் படிக்கச் சொன்ன நேரம் பார்த்து அது அடித்தது.

"தம்பி, உங்க கார் கத்துது."

அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் அம்மா. தரைத்தள வீட்டுக்காரர். கடிகாரத்தில் நாலு இருபது.

கடையிலிருந்து வீடு பத்து நிமிட நடை. அவர் ஐந்து நிமிடத்தில் ஓடினார். போய்ச் சேர்வதற்குள் அலாரம் தானாக ஓய்ந்திருந்தது. வெள்ளைக் கார், கூரைக்குக் கீழே, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது. நாலு கதவையும் கண்ணால் பார்த்தார். எல்லாம் மூடித்தான் இருந்தன.

மேலே போனால் மனைவி தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். மூச்சு லேசாக வாங்கியது. இரட்டைப் பிள்ளைகள் இருவரும் ஒரு தலையணையை இரு முனையிலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ வரும்போது யாராவது கார்கிட்ட நின்னாங்களா?"

"நான் பாக்கலங்க. ஏங்க, அந்த அலாரம் சரியாயிடுமா?"

இந்தக் கேள்வியை அவள் தினமும் கேட்டாள். தன் காரைப் பற்றி மனைவிக்கு இவ்வளவு கவலை இருப்பது அவருக்கு நெகிழ்ச்சியாக இருந்தது.

முதலில் ரிமோட்டின் பேட்டரியை மாற்றிப் பார்த்திருந்தார். அதற்கு மறுநாள் நாலு இருபதோடு மதியம் இரண்டு மணிக்கும் சேர்த்துக் கத்தியது. காரைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தினார். அப்போதும் இரண்டு மணி, நாலு இருபது. வேலைக்குப் போகிற ஆள் மாதிரி நேரம் தவறாத அலாரம்.

"பூனையா இருக்கும் சார்," என்றார் மெக்கானிக். "உள்ளே புகுந்துச்சுன்னா கத்தும்."

"பூனை கடிகாரம் பாத்தா வரும்?"

"சில பூனைங்க ரொம்ப ஒழுங்கா இருக்கும் சார்."

கடைக்காரர் நூறு கிராம் மிளகை அரைத்துப் பின்னிருக்கை முழுக்கத் தூவினார்.

அன்று சாயங்காலம் அவருடைய அப்பா பதினேழு தும்மல் தும்மினார். முப்பது வருஷம் ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தும்மலிலும் ஒரு தண்டவாள ஒழுங்கு இருந்தது. மனைவிக்குக் கண் இரண்டும் சிவந்து நீர் கொட்டியது.

"என்னப்பா ஆச்சு?"

"தூசிடா. அச்சூ! வெறும் தூசி."

"உனக்கு?"

"ஆஸ்பத்திரியில மருந்து நெடிங்க."

ஊர் கண்ணையெல்லாம் சோதிக்கிறவர், மனைவியின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சொட்டு மருந்து விட்டுத் தூங்கச் சொன்னார்.

பூனை ஒழியவில்லை. மெக்கானிக் நேரிலேயே வந்து, எதையோ திருகி, "கொஞ்சம் கூர்மையாக்கியிருக்கேன் சார்," என்றார். அதற்குப் பிறகு சைக்கிள் போனால் கத்தியது. பந்து விழுந்தால் கத்தியது. மூன்றாம் மாடிக்காரர் இருமினாலும் கத்தியது. ஒரு முறை அது கத்தியதும் இரட்டையர் பதிலுக்குக் கத்த, அந்தச் சத்தத்துக்கு அது மறுபடி கத்த, இரு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை.

செயலாளர் அம்மா கருப்பு அட்டை நோட்டோடு படியேறி வந்தார். அந்த நோட்டு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

"சனிக்கிழமை வரைக்கும்தான் தம்பி பொறுப்பேன்."

"எத்தனை தடவை கத்துச்சுன்னு எழுதி வெச்சிருக்கீங்களாம்மா?"

எட்டிப் பார்த்தார். 2.00, 4.20, 4.45 என்று ஒன்றின் கீழ் ஒன்றாக எண்கள்.

"நாலே முக்காலுக்கு இது கத்தினதே இல்லையேம்மா!"

"கத்தாததையும் எழுதுவேன்," என்று அவர் நோட்டைப் பட்டென்று மூடினார். "அந்த அலாரத்தைப் பிடுங்கிப் போடுங்க. அவ்வளவுதான் நான் கேக்குறது."

"அலாரம் இல்லாம எப்படிம்மா? என்னைத் தவிர ஒருத்தர் கை அது மேல பட்டதில்ல. நாளைக்குக் கண்டவங்க ஏறி உக்காந்துட்டா?"

செயலாளர் அம்மாவுக்கு இருமல் வந்தது. மனைவி அவசரமாகத் தண்ணீர் கொடுத்தாள்.

"எல்லாருக்கும் தொல்லைன்னா வித்துடுறேன். சனிக்கிழமை அஞ்சு மணிக்கு ஆளை வரச் சொல்றேன்."

"காரையா?" என்றார் செயலாளர் அம்மா.

"காரையா?" என்றாள் மனைவி.

உள்ளறையில் அப்பா தும்முவது நின்றது.

அன்று இரவு கீழே போய்க் காரை இன்னொரு முறை துடைத்துவிட்டு வந்தார். ஒன்பது வருஷம் கூடவே இருந்த கார்.

சனிக்கிழமை கடையைச் சீக்கிரம் பூட்டினார். விற்பதற்கு முன்னால் அந்தப் பூனையின் முகத்தையாவது பார்த்துவிட வேண்டும். நாலு மணிக்கு ரிமோட்டை அமுக்கி அலாரத்தை அணைத்தார். யாருக்கும் தெரியாமல் காருக்குள் புகுந்து, பூட்டிக்கொண்டு, ஸ்டீரிங்குக்குக் கீழே முழங்காலை மடக்கிப் பதுங்கினார். தொந்தி இடம் கொடுக்கவில்லை. எப்படியோ சமாளித்தார்.

நாலு இருபது. பின்பக்க இடது கதவு 'டக்' என்று திறந்தது.

யாரோ ஏறினார்கள். கதவு மெதுவாக மூடியது. செருப்பைக் கழற்றும் சத்தம். பிறகு ஒரு பெருமூச்சு. அத்தனை நீளமான பெருமூச்சை அவர் கேட்டதே இல்லை.

"அப்பாடா! இன்னிக்குக் கத்தல."

கால் மரத்துப் போனதில் அவர் "ஆ!" என்றார். பின்னிருக்கை அலறியது. அலாரம் தோற்றது.

"நீயா?"

"நீங்களா? உயிரே போச்சுங்க!"

"பூட்டின கதவை எப்படித் தொறந்தே?"

"இந்தக் கதவு மூணு வருஷமா பூட்டுறதில்லங்க. கைப்பிடியைக் கொஞ்சம் மேல தூக்கி இழுத்தா வந்துடும்."

"எனக்குத் தெரியாதே!"

"நீங்க என்னிக்குப் பின்னாடி உக்காந்தீங்க, தெரியறதுக்கு?"

அவர் மெல்ல எழுந்து இருக்கையில் உட்கார்ந்தார். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது.

"காலையிலேர்ந்து பல்லு வலின்னு அழுறவங்க முகம்தான். வீட்டுக்கு வந்தா ரெண்டே ரூம். தாழ்ப்பாள் இருக்கிறது குளியலறைக்கு மட்டும். அங்கயும் அம்மா, அம்மான்னு தட்டுறாங்க. அதான் இங்க ஒரு இருபத்தஞ்சு நிமிஷம். யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க."

"அப்போ தினமும் கத்த வெச்சது?"

"நீங்க தினமும் எதையாவது மாத்துனீங்க. இன்னிக்குச் சரியாயிருக்கும்னு நானும் தினமும் இழுத்துப் பாத்தேன்."

"ரெண்டு மணிக்கு?"

"மாமா. ஜன்னலோரம் சாஞ்சாத்தான் அவருக்கு மதியத் தூக்கம் வரும். ரயில் பழக்கம்."

அவருக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நீங்க மட்டும்? கடை விட்டு வந்ததும் எட்டு மணிக்கு, 'வண்டியைப் பாத்துட்டு வரேன்'னு இங்க அரை மணி நேரம் உக்காந்திருக்கீங்க. மேலேர்ந்து பாத்தா தெரியும்."

மாட்டிக்கொண்டவராக அவர் ஸ்டீரிங்கைத் துடைத்தார்.

"ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன்," என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "கேட்டா உங்க நிம்மதியையும் பிடுங்குற மாதிரி ஆயிடுமோன்னு விட்டுடுவேன்."

"கேளேன்."

"ஒரு நாளைக்கு எட்டு மணிக்கு என்னையும் கூப்பிடுங்களேன். எங்கயும் போக வேண்டாம். பேசக்கூட வேண்டாம். சும்மா பக்கத்துல உக்காந்திருக்கேன்."

அவர் கைபேசியை எடுத்தார். ஐந்து மணிக்கு வரவிருந்த ஆளிடம் கார் விற்பனைக்கு இல்லை என்றார். அடுத்து மெக்கானிக்கிடம், காலையில் வந்து அலாரத்தின் உயிரை எடுத்துவிடச் சொன்னார்.

"முன்னாடி வா," என்றார்.

அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஜன்னலை யாரோ தட்டினார்கள். செயலாளர் அம்மா. ஒரு கையில் கருப்பு நோட்டு. மறு கக்கத்தில் எதற்கோ ஒரு தலையணை.

அவர் பதறிக் கண்ணாடியை இறக்கினார். "மன்னிச்சுக்குங்கம்மா, இனிமே இது கத்தாது."

"அதைத்தானே தம்பி பத்து நாளா கேக்குறேன்," என்றவர் நோட்டைப் பிரித்துப் பின்னிருக்கைக்குக் காட்டினார். "எந்திரிம்மா, உன் நேரம் முடிஞ்சு அஞ்சு நிமிஷமாச்சு, நாலே முக்கால் எனக்கு."