எருமைக்கு வைத்த வணக்கம்

கம்பெனி கேட்டுக்குப் போகும் ஒரே சாலையில் எருமை நின்றது. ஜெகனும் நின்றான். எட்டு மணிச் சங்குக்கு ஏழு நிமிடம் இருந்தது.

மற்றவர்களை அது ஒன்றும் செய்வதில்லை. ஜெகனைக் கண்டால் மட்டும் கொம்பைத் தாழ்த்தும். வாய்க்கால் வழியாகச் சுற்றினான். முழங்கால் வரை சேறு.

செக்யூரிட்டி தணிகாசலம் தடுத்தார். "காலைக் கழுவிகினு வாப்பா. கம்பெனின்னு நெனச்சியா, நாத்து நடுற எடம்னு நெனச்சியா?"

கழுவி வருவதற்குள் முதல் லேட். மூன்று விழுந்தால், ஜப்பான் மேலாளர் கையெழுத்துப் போட்டுச் சனிக்கிழமை ஒட்டும் நிரந்தரப் பணியாளர் பட்டியலில் பெயர் இருக்காது. இரண்டு வருடமாகக் காத்திருந்த பட்டியல்.

மாலை, கவரைப்பேட்டை ஜப்பானிய மொழி வகுப்பில் காயத்ரி டீச்சரிடம் புலம்பினான். அவர் தமிழில் வந்திருந்த ஒரு ஜப்பானிய நாவலைக் கொடுத்தார். ஒரு சிறுமி மலை மிருகங்களோடு உறவாகும் கதை.

"சும்மா படி. பயம் போவும்."

ஜெகனுக்குச் சும்மா படிக்கத் தெரியாது. நோட்டில் எழுதிக்கொண்டான்: பத்தடி தள்ளி நில். இடுப்பு வளையக் குனி. என்ன சத்தம் கேட்டாலும், மிருகம் நகரும் வரை தலையைத் தூக்காதே.

புதன்கிழமை குனிந்தான். எருமையின் நான்கு கால்கள் மட்டும் தெரிந்தன. எங்கோ கார் கதவு திறந்தது. தலையைத் தூக்கவில்லை.

எருமைக்குச் சொந்தக்காரி சின்னப்பொண்ணு பால் கேனோடு வந்தாள். "இன்னாடா இது, பொண்ணு கேக்க வந்தவன் மாதிரி நிக்கிற?"

சங்கு ஊதியது. கால்கள் நகர்ந்ததும் தலைதெறிக்க ஓடினான். இரண்டாவது லேட்.

'உன் உணவைப் பகிர்ந்துகொள்' என்றது நான்காம் அத்தியாயம். வியாழக்கிழமை, குனிந்தபடியே எலுமிச்சைச் சாதத்தை நீட்டினான். எருமை சாதத்தைத் தின்றது. கழுத்திலிருந்து தொங்கிய ஐடி கார்டையும் தின்றது.

மூன்றாவது லேட்.

வெள்ளிக்கிழமை அவசரமில்லை. பட்டியல் போயிற்று, எருமையாவது மிஞ்சட்டும் என்று குனிந்தான். வெகுநேரம் கழித்துச் சொரசொரவென ஒரு நாக்கு அவன் கையை நக்கியது. யாரோ இடுப்பு வலியில் முனகுவது போலக் கேட்டது. எருமைதான் என்று நினைத்துக்கொண்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

சனிக்கிழமை பட்டியலில் முதல் பெயர் அவனுடையது. பக்கத்தில், முதல் லேட்டைத் தவிர மற்றவை சிவப்பு மையில் அடித்து நீக்கப்பட்டிருந்தன.

ஒரு கட்டுப் புல் வாங்கி வந்து, ராஜாவுக்கு விருந்து வைப்பவனைப் போல எருமையின் முன்னால் போட்டான்.

தணிகாசலம் தலையில் அடித்துக்கொண்டார். "அதுக்கு எதுக்குப்பா புல்லு? மூணு நாளா மாட்டுக்கு அந்தாண்ட காரை விட்டு எறங்கி, நீ நிமிர்ந்தாத்தான் நானும் நிமிருவேன்னு உனக்குப் பதில் வணக்கம் வெச்சிகினே நின்னாரே ஜப்பான் சாரு, அவருக்கு ஒரு இடுப்பு வலித் தைலம் வாங்கிக் குடு."