இரண்டரை கிலோமீட்டர்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. அத்தானின் இருமல் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம் என்று எழுதலாம்தான், ஆனால் என் மகள், உன் செல்ல மருமகள், இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

அவள் ஆடும் லாக்ராஸ் உனக்குத் தெரியும்: குச்சி நுனியில் சின்ன வலை, அதில் பந்தை வாங்கி எறிய வேண்டும், மற்ற நேரமெல்லாம் ஓட வேண்டும். எவ்வளவு ஓடினார்கள் என்று அளக்கச் சட்டையின் முதுகுப்பக்கப் பையில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைச் செருகுகிறார்கள். ஓட ஓட அது பயிற்சியாளர் கையிலுள்ள திரைக்குக் கணக்கை அனுப்பிவிடும். முப்பது வருடம் நிலம் அளந்தவன் நான், விடுவேனா? ஆட்டத்துக்கு முன் வெட்டவெளியில் நின்று, கருவி செயற்கைக்கோளைப் பிடித்து அதில் பச்சை விளக்கு எரிந்ததும் கருவியை அவள் முதுகில் செருகும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஆட்டம் முடிந்து ஓட்டக் கணக்குத் தாள் வந்தது. பயிற்சியில் ஆறு கிலோமீட்டர் ஓடுகிறவள் ஆட்டத்தில் இரண்டரை! வேகமான ஓட்டம் ஒன்றே ஒன்று. இறுதி ஆட்டத்தில் அவளை வெளியே உட்காரவைக்கப் போவதாகப் பயிற்சியாளர் அம்மா சொல்லிவிட்டார். நானாவது சும்மா இருந்தேனா? பயிற்சித் தாளையும் ஆட்டத் தாளையும் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்து, விசிலுக்கு ஓடுறது வேற, எதிரே ஆள் நிக்கும்போது ஓடுறது வேற, உனக்கு உள்ளுக்குள்ள பயம் என்று ஒரு மணி நேரம் பேசினேன். அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "நான் ஓடினதை நீங்க பார்க்கவே இல்லையாப்பா?" என்று மட்டும் கேட்டாள். அளவு பொய் சொல்லாதும்மா என்றேன். போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உன்னிடம் மறைப்பானேன், நான் பார்க்கவில்லைதான். அந்தப் பந்து கல் மாதிரி வரும். அவள் முகத்தில் பட்டுவிடுமோ என்று பயந்து, ஆட்டம் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு மைதான ஓரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஒருமுறை பந்து என்னை நோக்கியே வந்தது. எடுத்தேன் பார் ஓட்டம், முழங்கால் இன்னும் வீங்கியிருக்கிறது.

நீ சொன்னால் கேட்பாள். பயத்தை விட்டுவிட்டு ஓடச் சொல்லி இரண்டு வரி எழுது. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

உன் தம்பி

பி.கு.: உறையில் எழுத, டைரியில் பொடி எழுத்தில் இருக்கும் உன் முகவரியைப் படிக்க மூக்குக்கண்ணாடியைத் தேடி, சனிக்கிழமை போட்டிருந்த கோட்டுப் பையில் கைவிட்டேன். கண்ணாடியோடு கருவியும் வந்தது. அன்று பச்சை விளக்கு எரியவும் விசில் ஊதவும் சரியாக இருந்தது. பதற்றத்தில் அவள் முதுகில் செருகாமல் என் பையிலேயே போட்டிருக்கிறேன். அந்த இரண்டரை கிலோமீட்டரும் என்னுடையது, அக்கா. அந்த ஒரே வேக ஓட்டமும். பயிற்சியாளர் அம்மாவிடம் நாளைக் காலையில் முதல் ஆளாகப் போய் ஒப்புக்கொள்வேன். ஆனால் அவள் எவ்வளவு ஓடினாள் என்பது எந்தத் தாளிலும் இல்லை. பார்த்திருக்க வேண்டியவன் நான். நேரில் சொல்ல எனக்கு முகமில்லை. அதனால் இந்தக் கடிதம் உனக்கு வராது. அவள் கதவுக்கு அடியில் தள்ளப் போகிறேன்.