அத்தையின் முதுகு

“முதுகு விட்டுப்போச்சு. இன்னைக்கு எலும்பு ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போகலைன்னா நான் படுத்த படுக்கைதான்” என்று மாமியார் சமையலறை வாசலை மறித்து நின்றார்.

மருமகள் அடுப்பை அணைத்தாள். பேருந்து நிலைய விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்து நாளெல்லாம் ஊராருக்குப் பதில் சொல்கிறவள். வீட்டில் வாதாட அவளுக்குத் தெம்பு மிச்சமிருப்பதில்லை. கணவனோ வெளியூர் வேலையில். மேலதிகாரிக்குப் போன் போட்டாள்.

“அரை நாள் லீவு வேணும் சார். மாமியாருக்கு முதுகு.”

“போன வருஷம்தானே கை உடைஞ்சுதுன்னு லீவு போட்டீங்க?”

“அது என் கை சார். இது அவங்க முதுகு.”

“ஒரு குடும்பத்துக்கு எத்தனை எலும்பும்மா?”

லீவு கிடைத்தது. பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர வேண்டும்.

பஸ் குலுங்கும் என்றார் மாமியார். டாக்ஸி வந்தது. ஏசி காற்று முதுகைக் குத்துகிறது என்றார். ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கியதில் புழுதி உள்ளே வந்து மருமகளுக்கு இழுப்பு கண்டுவிட்டது. ஸ்கேன் நிலையம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் ஓடவில்லை.

“பிடிச்சுக்கோங்க அத்தை” என்று மூச்சு வாங்கக் கை நீட்டினாள். பக்கத்தில் ஆளில்லை. மாமியார் மேல் படியில் நின்று, “மெதுவாவே வா, அவசரமில்ல” என்றார்.

உள்ளே ஸ்கேன் எடுக்கும் பெண் கேள்விகளை ஆரம்பித்தாள்.

“முன்னாடி எலும்பு ஏதாவது உடைஞ்சிருக்கா?”

“மணிக்கட்டு. லேசா வழுக்கினதுக்கே” என்றார் மாமியார்.

“அத்தை, அது எனக்கு.”

“மாதவிடாய் எப்ப நின்னுச்சு?”

“நாற்பத்திரண்டுலயே.”

“அதுவும் எனக்குத்தான்!” மருமகளுக்குக் காது சுட்டது.

“ஸ்டீராய்டு மாத்திரை?”

“இழுப்புக்காக வருஷக்கணக்கா.”

ஸ்கேன் பெண் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போனாள். “எலும்பு மெலியறதுக்கு இதெல்லாம்தான் காரணம். உடையிற வரைக்கும் நிறையப் பேருக்குத் தெரியறதே இல்ல.”

“ஐயோ, அவங்க சொல்றதை எழுதாதீங்க. எல்லாம் என் கதை!”

முதுகோடு சேர்த்து மாமியாருக்கு மூளையும் தேய்கிறதோ? இன்னொரு டாக்டர், இன்னொரு லீவு, இன்னொரு ஞாயிற்றுக்கிழமை. நினைக்கும்போதே மருமகளுக்குக் கண் சொருகியது.

“சரி, வந்து படுங்க” என்றாள் ஸ்கேன் பெண்.

மாமியார் பின்வாங்கினார். “அந்த மெஷின் மேல விழுந்துட்டா? முதல்ல நீ படு. உனக்கு ஒண்ணும் ஆகலைன்னா அப்புறம் பார்க்கலாம்.”

மருமகள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தாள். கருவியின் கை அவள் இடுப்புக்கு மேலே மெல்ல நகர்ந்தது. வலியில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. பகலில் முதுகைச் சாய்த்து எத்தனை காலமாயிற்று! தூங்கியே போனாள்.

தட்டி எழுப்பியதும் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டு, “பாத்தீங்களா, ஒண்ணுமில்ல. இப்ப நீங்க படுங்க அத்தை” என்றாள்.

மாமியார் மும்முரமாக ஜன்னலை வேடிக்கை பார்த்தார்.

ஸ்கேன் பெண்தான் சொன்னாள்: “அவங்களுக்குப் போன வாரமே எடுத்தாச்சு, எலும்பு இரும்பு மாதிரி இருக்கு, இன்னைக்கு உங்களுக்குன்னுதான் நேரம் வாங்கியிருந்தாங்க.”