தூக்கங்கலைச்சான் விஷயமாகச் சம்பந்தி அவர்களுக்கு

மதிப்பும் மரியாதையும் மிகுந்த சம்பந்தி அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தங்களை இப்படி அழைக்கலாமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. 'முன்னாள் வருங்காலச் சம்பந்தி' என்றுதான் முதலில் ஆரம்பித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த என் மனைவி அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டாள். இது இரண்டாவது தாள். இங்கே நாங்கள் மூவரும் நலம், அதாவது யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே தாங்களும், தங்கள் துணைவியாரும், தங்கள் அண்ணன் டிரைவர் அவர்களும், மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தரைவிரிப்பில் கொட்டிய டீக்கறை போயிற்றா என்று என் மனைவி கேட்கச் சொல்கிறாள்.

நடந்தது எல்லாம் தங்கள் வீட்டுக் கூடத்தில், தங்கள் கண் முன்னால் நடந்ததுதான். ஆனாலும் ஓய்வு பெறும்வரை பாலம் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். ஒரு விபத்து நடந்து அதற்கு அறிக்கை எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அறிக்கை என்றால் முதலில் பின்னணி வேண்டும். பாலத்தின் நூற்றாண்டு மலருக்கு நம் ரயில் கம்பெனியின் சரித்திரத்தை எழுதும் வேலையை வேறு என் தலையில் கட்டியிருக்கிறார்கள், அதனால் பின்னணி என் நாக்கு நுனியிலேயே இருக்கிறது. தெரிந்த விஷயம்தானே என்று தாவிவிடாமல் படிக்க வேண்டுகிறேன்.

நம் கம்பெனி ஒன்றாகப் பிறந்ததல்ல. கிழக்கு லைன் என்று எங்களுடையது ஒன்று, மேற்கு லைன் என்று உங்களுடையது ஒன்று, இரண்டும் ஆற்றின் இரண்டு கரையில் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு வளர்ந்தவை. எங்கள் கைகாட்டி இறங்கினால் வண்டி போகலாம். உங்கள் கைகாட்டி ஏறினால் வண்டி போகலாம். எங்கள் பிளாட்பாரம் இடுப்பளவு. உங்கள் பிளாட்பாரம் முழங்காலளவு. எங்கள் போல்ட் உங்கள் நட்டில் ஏறாது. இந்த லட்சணத்தில் இரண்டு கம்பெனிக்கும் ஒரே நேரத்தில் ஆசை வந்து, ஆற்றுக்குக் குறுக்கே ஆளுக்குப் பாதியாகப் பாலம் கட்ட ஒப்பந்தம் போட்டார்கள். தண்டவாளத்தின் அகலம் என்ன என்பதற்கு ஒரு வருஷம் சண்டை போட்டு முடிவுக்கு வந்தார்கள். உயரத்துக்குச் சண்டையே வரவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. உயரம் அளக்க நட்டுவைத்த அளவுக்கல்லிலிருந்து நாற்பதடி என்றதும் இரண்டு பேரும் தலையாட்டிவிட்டார்கள். எங்கள் ஆட்கள் எங்கள் ஸ்டேஷன் வாசலில் இருந்த கல்லிலிருந்து அளந்தார்கள். உங்கள் ஆட்கள் உங்கள் ஸ்டேஷன் வாசலில் இருந்த கல்லிலிருந்து அளந்தார்கள். இரண்டு கல்லும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் யாராவது ஒருவர் அக்கரைக்குப் போய்க் கேட்டிருக்க வேண்டும். கௌரவம் விடவில்லை. நடு ஆற்றில் இரண்டு பாதியும் சந்தித்தபோது ஒன்று நான்கு விரல் மேலே நின்றது. இறக்க எங்களுக்கு மனமில்லை, ஏற்ற உங்களுக்கு மனமில்லை. கடைசியில் இரும்புத் தகடுகளை ஆப்பு ஆப்பாகச் செருகி ஒரு சரிவை உண்டாக்கி, கொடி காட்டித் திறந்துவிட்டார்கள். அன்று முதல் அந்த இடத்தில் வண்டி ஒரு குதி குதிக்கிறது. ஜனங்கள் அதற்குத் தூக்கங்கலைச்சான் என்று பெயர் வைத்து, டீ டம்ளரை ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடக்கிறார்கள்.

பிறகு, நாம் இருவரும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நஷ்டம் வந்து இரண்டு கம்பெனியையும் ஒன்றாக்கியது. இணைப்பு நாளன்று இரண்டு தலைவர்களும் தனித்தனி ஸ்பெஷல் வண்டியில் பாலத்தின் நடுவுக்கு வந்து இறங்கினார்கள். உங்கள் தலைவர் மேடேற மாட்டேன் என்றார், எங்கள் தலைவர் கீழிறங்க மாட்டேன் என்றார். நின்ற இடத்திலிருந்தே எட்டிக் கைகொடுத்ததில் எங்கள் தலைவரின் மூக்குக் கண்ணாடி ஆற்றோடு போயிற்று. (மலரில் இதை நான் சேர்க்கவில்லை.) மேட்டைச் சமன் செய்ய இரண்டு பக்கத்திலிருந்தும் சம எண்ணிக்கையில் ஆள் போட்டு ஒரு கமிட்டி அமைத்தார்கள். அது பல வருஷம் கூடிக் கூடிப் பேசி, 'மெதுவாகச் செல்லவும்' என்று ஒரு பலகை வைத்தது. பக்கத்திலேயே மேற்குக்காரர்கள் வேறொரு வேகம் போட்டு இன்னொரு பலகை வைத்தார்கள். பெயர்ப்பலகை ஒன்றாயிற்று, சீருடை ஒன்றாயிற்று. கேன்டீனில் மேஜை மட்டும் இன்னும் இரண்டு. ஒருவர் அளவை ஒருவர் நம்பாததால், தூக்கங்கலைச்சானை மாதாமாதம் அளப்பதற்கு இரண்டு ஆபீஸிலிருந்தும் தனித்தனியாக ஆள் அனுப்புகிறார்கள். அப்படிக் கிழக்கு ஆபீஸ் அனுப்பிய ஆள் என் மகள். மேற்கு ஆபீஸ் அனுப்பிய ஆள் தங்கள் மகன். நடு ஆற்றில் அளவு நாடாவின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு என்ன பேசினார்களோ, நமக்குத் தெரியாது. கம்பெனி சரித்திரத்திலேயே முதல் முறையாக இரண்டு பக்கத்து அளவும் ஒத்துப்போக ஆரம்பித்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இனி விபத்து. பெண்ணுக்குப் பேசி முடிக்கத் தங்கள் வீட்டுக்கு வரும்போதே, வண்டியில் என் மனைவி சொல்லிச் சொல்லித்தான் கூட்டிவந்தாள். "கம்பெனி பேச்சை மூச்சு விடக் கூடாது. வெயிலைப் பத்திப் பேசுங்க, உடம்பைப் பத்திப் பேசுங்க. இல்லன்னா சும்மா சிரிச்சுக்கிட்டு உக்காந்திருங்க." நான் சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், அதற்குத் தாங்களே சாட்சி. டீ வந்தது. மாப்பிள்ளை நாலு வார்த்தை பேசினாலும் மரியாதையாகப் பேசினார், எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. எல்லாம் கூடி வருகிற நேரத்தில் தங்கள் அண்ணன், "என்ன சம்பந்தி, வரும்போது பாலத்துல நல்லாக் குதிச்சுதா?" என்று கேட்டார். உபசாரத்துக்குத்தான் கேட்டார். நானும் உபசாரத்துக்குத்தான், "உங்க பக்கம் பள்ளமாச்சே, குதிக்காம என்ன செய்யும்? மலர்ல கூட அப்படித்தான் எழுதியிருக்கேன்" என்றேன். தாங்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கார்டு வேலையில் இருந்தபோது பச்சைக் கொடி காட்டுகிற மாதிரி கையை நீட்டி, "எங்க பக்கம் பள்ளமில்லீங்க, உங்க பக்கம்தான் உசரம்" என்றீர்கள். "ரெண்டும் ஒண்ணுதானே?" என்றாள் என் மனைவி. "இல்ல!" என்று நாம் இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். அன்று முழுவதும் நாம் ஒத்துப்போனது அந்த ஓரிடத்தில்தான்.

அடுத்து நடந்ததில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்பதைப் பிரித்து எழுதுகிறேன். மர முக்காலியை டீ மேஜையோடு ஒட்டி இழுத்துப் போட்டது நான். மேஜையைக் கிழக்கு என்றும் முக்காலியை மேற்கு என்றும் வைத்துக்கொள்ளச் சொன்னதும் நான்தான். ஆனால் டீத்தட்டை வண்டியாக்கி ஓட்டியது தங்கள் அண்ணன். அத்தனை வருஷம் எஞ்ஜின் ஓட்டியவர், மேஜை விளிம்பில் கொஞ்சம் வேகத்தைக் குறைத்திருக்கலாம். தட்டு தடம் புரண்டு, மூன்று கோப்பை தரைவிரிப்பிலும் ஒன்று தங்கள் துணைவியாரின் மடியிலும் கவிழ்ந்தன. "பாத்தீங்களா, பள்ளம்!" என்று அந்த நேரத்தில் நான் சொன்னது தப்புதான். அதற்காகத் தாங்கள், "கிழக்கு லைன்ல பொண்ணு எடுத்தா வீட்டுக்குத் தலைக்கனம்தான் வந்து சேரும்" என்று சொல்லியிருக்க வேண்டாம். "மேற்கு லைன்ல எது நேரத்துக்கு வந்திருக்கு, மாப்பிள்ளை வர்றதுக்கு?" என்று நான் திருப்பிக் கேட்டுவிட்டு எழுந்தேன்.

கோபித்துக்கொண்டு வெளியேறுவதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. அது நிலைக்க வேண்டுமானால் வண்டி உடனே வந்தாக வேண்டும். வரவில்லை. வந்தவர்களை வழியனுப்பாமல் திரும்புவது முறையில்லை என்று தாங்களும் கூடவே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டீர்கள். பெஞ்சின் இந்த முனையில் நான், அந்த முனையில் தாங்கள், நடுவில் என் மனைவியின் கைப்பை. வண்டி எப்போது வரும் என்று கேட்க வாய் துடித்தது. கேட்டால் குத்திக்காட்டுவதாக ஆகும் என்று அடக்கிக்கொண்டேன். தாங்கள் கடிகாரத்தைப் பார்ப்பதும், பார்க்காதது போல முகத்தைத் திருப்புவதுமாக இருந்தீர்கள். உள்ளதைச் சொன்னால், எனக்குத் தங்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிள்ளைகள் இருவரும் பிளாட்பாரத்துக் கோடியில் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பேச்சாக இருக்கும், பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து என் மகள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். "யாரோ ரெண்டு பேரு ரெண்டு கல்லை வச்சு அளந்ததுக்கு நான் அவரை விட்டுடணுமாப்பா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டது இந்த ஒன்றைத்தான். அதை நான்கு விரலுக்காகக் கெடுத்துவிட்டேனே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

ஆகவே, யாரும் சொல்லிக் கொடுத்து அல்ல, என் சொந்த மனதிலிருந்தே எழுதுகிறேன். கட்டியவர்கள் போய்விட்டார்கள், கடக்கிறவர்கள்தான் இருக்கிறோம். அந்த நான்கு விரல் தவறு எங்கள் பக்கத்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் சேர ஒரு பக்கம் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அது எங்கள் பக்கமாகவே இருக்கட்டும். இதைப் படித்துவிட்டு என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நமக்கு இப்படியெல்லாம் எழுத வருகிறதே என்று எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான்.

மாப்பிள்ளைக்கு (இந்தச் சொல்லை அடிக்காமல் விடுகிறேன்) எங்கள் ஆசிகள். துணைவியாருக்கு வணக்கமும், மடியில் விழுந்த கோப்பைக்காக மன்னிப்பும். அண்ணனுக்கு அன்பும், விளிம்பு வந்தால் நிதானம் வேண்டும் என்ற வேண்டுகோளும். தங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க மனதார விரும்பும்,

பெண்ணின் அப்பா.

பின்குறிப்பு: உறையை ஒட்டி, பெட்டியில் போடலாம் என்று கதவைத் திறந்தால், தபால்காரர் தங்கள் கடிதத்தோடு நிற்கிறார். அங்கேயே நின்று படித்தேன். மூன்று பக்கம் கிழக்கு லைனை வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டு, நாலாவது பக்கத்தில் தாங்கள், 'கட்டியவர்கள் போய்விட்டார்கள், கடக்கிறவர்கள்தான் இருக்கிறோம்' என்று ஆரம்பித்து, நான்கு விரல் தவறைத் தங்கள் பக்கத்தது என்றே வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். யாரும் சொல்லிக் கொடுத்து எழுதவில்லை என்று வேறு போட்டிருக்கிறீர்கள். என் உறையைப் பிரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வரிக்கு வரி ஒன்றுதான். சொல்லிவிடுகிறேன்: அந்த மூன்று வரியை எனக்கு எழுதிக் கொடுத்தது என் மகள். தங்களுக்கு யார் எழுதிக் கொடுத்தது என்று நான் கேட்கப் போவதில்லை. அவளைக் கூப்பிட்டு இரண்டையும் காட்டினேன். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் படித்துவிட்டு, "ரெண்டு பேரும் நல்லாத்தானே எழுதியிருக்கீங்க" என்றாள்.

ஆகவே மேலே நான் ஒப்புக்கொண்டது எதுவும் செல்லாது. தாங்கள் ஒப்புக்கொண்டதும் செல்லாது. மேற்குப் பக்கம் பள்ளம்தான். ஆனால் இந்தக் கரையில் ஒருத்தி, அந்தக் கரையில் ஒருவன், ஆளுக்கொரு கிழவனை வைத்து வேலை வாங்கி, நடுவில் ஒரு புள்ளி பிசகாமல் சேர்த்துவிட்டார்கள். ஆயுள் முழுக்கப் பாலம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கல்யாணத் தேதியைக் குறித்து உடனே எழுதுங்கள். அந்தக் கடிதத்தையாவது தாங்களே எழுதுங்கள்.